காலையில் ஒரு ஸ்டார்ட், இரவெல்லாம் பல ஸ்டார்ட்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் லாரி எலக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "செல்ஃப் எடுக்கலண்ணா. இதைக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு போட்டுரலாமா?" செல்ஃப் என்றால் எஞ்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார். கேட்பவர் டிரைவராக இருக்கலாம், நாலைந்து டிரெய்லர் வைத்திருக்கும் ஓனராக இருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே தெருக்களில் இதே கேள்விதான். அன்று மேஸ்திரி "போட்டுரலாம்" என்றால், பெரும்பாலும் அது சரியான பதில். இன்று யோசிக்காமல் அதே பதிலைச் சொன்னால், வந்தவரின் பணமும் போகும், பேட்டரியும் போகும். பதில் ஏன் மாறியது என்று தேடிப் போனால், வட சென்னையில் ஒரு லாரியின் பொழுது எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியவரும்.

எண்ணூரில் வளர்ந்த எஞ்ஜின்கள்

1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்களை. 1951இல் அங்கே லேலண்டு காமெட் வண்டிகள் உருவாயின. முதல் நான்கு, மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போன டிப்பர்கள். 1955இல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்டு ஆனது. அந்தக் காலத்து எஞ்ஜின்களை எண்ணைச் சொல்லியே மேஸ்திரிகள் அடையாளம் காட்டுவார்கள்: 350, 370, 400, பெரிய வண்டிகளுக்கு 680. அவை எஞ்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் எண்கள். 350 என்றால் ஏறக்குறைய 5.7 லிட்டர்; 400 என்றால் 6.5 லிட்டர், 680 என்றால் 11 லிட்டருக்குச் சற்று மேல்.

எண் ஏற ஏற, எஞ்ஜினை முதல் சுற்றுச் சுற்றிவிடும் வேலையும் கனத்தது. பெட்ரோல் எஞ்ஜினுக்கு ஒரு பொறி போதும். டீசலுக்குப் பொறி கிடையாது; உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். நன்றாக நெருக்கினால் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் நெருக்கல் வேகமாக நடக்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு சுற்றாவது எஞ்ஜின் சுழன்றாக வேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். காற்று பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே நழுவிவிடும். பாதி வேகத்தில் சுற்றும் செல்ஃப், டீசல் எஞ்ஜினைப் பொறுத்தவரை சுற்றாத செல்ஃபுக்குச் சமம்.

இவ்வளவு பலத்தைக் கொடுக்கும் மோட்டாரின் இரகசியம், அது சில விநாடிகள் மட்டுமே உழைக்கிறது என்பதுதான். 1912இல் கேடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங் கண்டுகொண்டது இதைத்தான்: நாள் முழுக்க ஓடும் மோட்டாராக இருந்தால் அது வண்டியில் அடங்காது, சில விநாடிகளுக்கு மட்டும் அளவுக்கு மீறி உழைக்கும் மோட்டார் அடங்கும். அந்த விநாடிகளை நீட்டினால் மோட்டார் வெந்துபோகும். பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதே, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு அடுத்ததை அடி என்று பெரிய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லித்தந்தது அதனால்தான்.

அன்றைய பட்டறை

1961இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் சென்னையிலேயே உருவாகத் தொடங்கின. அதனால் வடக்குப் பக்கத்துப் பட்டறைகளுக்கு உதிரிப் பொருள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனாலும் புது மோட்டார் வாங்குவது கடைசி வழிதான். பழையதைக் கழற்றிக் கட்டுவதே தொழில்.

பெரிய லாரிகளின் அந்தக் கால செல்ஃப் இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் இறக்கித்தான் கழற்ற வேண்டும். மேசைக்கு வந்ததும் முதலில் கார்பன் பார்ப்பார்கள், பிறகு புஷ். கம்யூட்டேட்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் பிடித்து ஒரு கடைசல் விட்டு, செம்புப் பட்டைகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் மைக்காவை உடைந்த ஹேக்ஸா பிளேடால் கீறி இறக்குவார்கள். அதே பிளேடுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆர்மேச்சரை மின்காந்தத்தின் மேல் வைத்து, பிளேடை அதன்மேல் லேசாகப் பிடித்தபடி சுற்றுவார்கள். சுற்று ஷார்ட் ஆன இடம் வந்ததும் பிளேடு படபடவென்று துடிக்கும். மீட்டர் இல்லாத பட்டறையில் நம்பத் தகுந்த சோதனை அது.

பெரிய செல்ஃப் மாட்டுவதும் இந்தக் கைகளில்தான் நடந்தது. உடைக்கப்போன பஸ்ஸிலிருந்தோ பெரிய லாரியிலிருந்தோ வந்த மோட்டாரைக் காயலான் கடையில் பேரம் பேசி வாங்கிவருவார்கள். வாங்கியதை அப்படியே மாட்டிவிட முடியாது. செல்ஃபின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் பத்து, பதினொரு பல். அது கடித்துச் சுற்றும் ஃப்ளைவீல் ரிங்கில் நூறுக்கு மேல். இரண்டின் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். முகப்பு வளையத்தின் போல்ட் துளைகள் சேர வேண்டும். ஓய்வில் பினியனுக்கும் ரிங்குக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி நிற்க வேண்டும். உடம்பு பருத்த மோட்டார் சேஸிஸிலோ சைலன்ஸர் குழாயிலோ இடிக்கக் கூடாது. துளை சேராவிட்டால் லேத்தில் ஒரு தட்டு கடைந்து நடுவே வைப்பார்கள். அந்தத் தட்டின் கனத்தில் கணக்குத் தப்பினால் பினியன் பாதி ஆழத்தில் கடித்து, ரிங்கின் பல்லைத் தின்றுவிடும்.

ரிங் போனால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். அங்கேயும் ஒரு நுட்பம் இருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்ஜினை நிறுத்தினால், நெருக்கலின் எதிர்ப்பால் அது எப்போதும் ஏறக்குறைய மூன்று இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். அதனால் ரிங்கில் அந்த மூன்று இடங்களில் மட்டும் பல் தேயும். மற்ற பல்லெல்லாம் புதிதாக இருக்கும். விவரம் தெரிந்த மேஸ்திரி புது ரிங் வாங்கச் சொல்லமாட்டார். பழைய ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, சில பல் தள்ளி, சூட்டோடு மறுபடி இறக்குவார். ஆறியதும் அது ஃப்ளைவீலை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு ரிங்கின் ஆயுளை இரட்டிப்பாக்கிய அந்த அறிவு எந்தப் பாடப் புத்தகத்தின் வழியாகவும் இந்தத் தெருக்களுக்கு வரவில்லை.

அன்று பெரிய செல்ஃப் போட்டது தேவையோடு போட்டதுதான். மோட்டார்களின் சக்தி, எஞ்ஜினுக்கு மட்டுமட்டாகவே இருந்தது. நடுத்தர லாரிகள் பலவும் 12 வோல்ட்டில் ஓடின. டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், காற்றை எடுத்துவிட்டு நீண்ட நேரம் சுற்ற வேண்டும். சின்ன மோட்டார் அதைத் தாங்காது. வட சென்னைத் தரை வேறு தட்டை. இறக்கத்தில் நிறுத்திவைத்துக் காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், ரயில்வே மேம்பாலத்துச் சரிவை விட்டால் இறக்கம் எங்கே? சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளித்தான் பல வண்டிகள் உயிர் பெற்றன.

ஆனால் செல்ஃபுக்கு அன்று ஒரு நிம்மதி இருந்தது. விடியலில் ஒரு ஸ்டார்ட். சரக்கு ஏற்றிய பின் ஒரு ஸ்டார்ட். நடுவே அணைக்க டிரைவருக்கு மனம் வராது, டீசலும் அவ்வளவு விலை இல்லை. அரை மணி, ஒரு மணி என்று எஞ்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். பேட்டரியும் நிரம்பிக்கொண்டே இருக்கும்.

வரிசை வந்தது

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. நாட்டிலேயே அதற்கென்று கட்டப்பட்டவற்றில் அதுதான் முதல். 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2009இல் சென்னையில் இரண்டாவது கண்டெய்னர் முனையம், 2013இல் காட்டுப்பள்ளி. நீளமான டிரெய்லர்கள் ராயபுரம், காசிமேடு, எண்ணூர், மணலி சாலைகளை நிறைத்தன. சாலைகள் அந்த வேகத்தில் வளரவில்லை. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் போகும் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நின்றுபோய், 2022இல் புது வடிவத்தில் மறுபடி அடிக்கல் நாட்ட வேண்டியிருந்தது. 2010களில் துறைமுக வாசலில் தொடங்கும் வரிசை கிலோமீட்டர் கணக்கில் எண்ணூர் பக்கம் நீண்டது. ஒரு நாளுக்கு மேலும் டிரைவர்கள் வண்டியிலேயே காத்துக் கிடந்தார்கள்.

அதே சமயம் டீசலின் கணக்கும் மாறியது. 2013 ஜனவரியிலிருந்து விலை மாதாமாதம் சிறிது சிறிதாக ஏறியது. 2014 அக்டோபரில் அரசுக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. நின்ற இடத்தில் எஞ்ஜின் ஓடினால் மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் போகும். பத்து மணி நேர வரிசையில் அது இருபது லிட்டர். எந்த ஓனர் பொறுப்பார்? முன்வண்டி நகர்ந்தால் ஸ்டார்ட், ஒரு வண்டி நீளம் நகர்ந்ததும் ஆஃப் என்று ஆனது. காலையில் ஒரு தடவை சுற்றிய செல்ஃப், இரவெல்லாம் திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டார்ட்டுக்கு மூன்று விநாடி, 400 ஆம்பியர் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து போவது 1200 ஆம்பியர்-விநாடி. மெதுவாக ஓடும் எஞ்ஜினில் ஆல்டர்னேட்டர், லைட்டுக்குப் போக 30 ஆம்பியர் பேட்டரிக்குத் திருப்பித் தந்தால், அந்தக் கடன் அடைய 40 விநாடி வேண்டும். ஒரு வண்டி நீளம் நகர இருபது விநாடி போதும். ஒவ்வொரு நகர்விலும் பாதிக் கடன் பாக்கி நிற்கிறது. எஞ்ஜின் நின்றிருக்கும்போது கேபினில் ஃபேன் ஓடுகிறது, போன் சார்ஜ் ஏறுகிறது, பின்னால் வருபவர் மோதிவிடாமல் இருக்க விளக்கு எரிகிறது. விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. அப்போதுதான் அந்தப் பேச்சு கேட்கிறது: "செல்ஃப் எடுக்கலண்ணா."

இந்த வண்டிக்குப் பழைய முறையில் இன்னும் பருத்த செல்ஃப் போட்டால் என்ன ஆகும்? அது இன்னும் கூடுதல் ஆம்பியர் கேட்கும். கடன் கூடும். பேட்டரி முன்னைவிடச் சீக்கிரம் சாகும்.

சிறுத்தது, பலத்தது

இதற்கிடையில் மோட்டாரே வேறாகிவிட்டது. அன்று ஆர்மேச்சர் சுற்றும் வேகத்திலேயே பினியனும் சுற்றியது. பலம் வேண்டுமென்றால் ஆர்மேச்சர் பருக்க வேண்டும், செம்பு கூட வேண்டும். இன்றைய கியர் ரிடக்‌ஷன் செல்ஃபில், ஆர்மேச்சருக்கும் பினியனுக்கும் நடுவே சின்னப் பல்சக்கரத் தொகுதி ஒன்று இருக்கிறது. ஆர்மேச்சர் மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையாக மாற்றித் தரும். 1960களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் வந்த இந்த யோசனை, கனரக லாரிகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. அதே பலத்துக்கு உடம்பு ஏறக்குறைய பாதி. பேட்டரியிடம் கேட்பதும் குறைவு.

ஆகவே இன்று கூடுதல் பலமுள்ள செல்ஃப் மாட்டுவது என்றால், பழைய நேரடி மோட்டாரை இறக்கிவிட்டு, அதே முகப்பு வளையமும் அதே பல்லும் உள்ள, கிலோவாட் கூடிய கியர் மோட்டாரை ஏற்றுவதுதான். எடை குறைவதால் ஒருவரே மாட்டிவிடலாம். சேஸிஸில் இடிக்குமோ என்ற கவலையும் பெரும்பாலும் இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொரு படி மேலே போயாயிற்று. சாவியைத் திருப்பினால் மின்சாரம் நேரே செல்ஃபுக்குப் போவதில்லை. கட்டளை கணினிப் பெட்டிக்குப் போகிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, எஞ்ஜின் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அது ரிலேயை மூடுகிறது. ஓடும் எஞ்ஜினில் செல்ஃபை அடித்து ரிங்கைத் தேய்க்கும் தவறு இதனால் குறைந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இல்லாமல் போயிற்று. பேட்டரி முழுக்க இறங்கினால் கணினிப் பெட்டிக்கே உயிர் இல்லை. டீசல் தெளிக்கச் சொல்ல ஆள் இல்லை. ஸ்பிரிங் முறைப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியோ, காற்றழுத்தம் ஏறாமல் சக்கரத்தை விடாது. நாலு பேர் தோள் கொடுத்தாலும் அசையாது. அன்று செல்ஃப் போனால் கைகொடுக்க ஆள் இருந்தார்கள். இன்று செல்ஃபை விட்டால் வேறு வழியே இல்லை.

பலவீனம் எங்கே இருக்கிறது?

குளிர் நாடுகளில் பெரிய செல்ஃப் போடுவதற்குக் காரணம் பனி. எஞ்ஜின் ஆயில் கூழாகிவிடும். பேட்டரியின் பலமும் குறையும். சென்னைக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பகை வேறு: உப்புக் காற்று, தூசி, வெள்ளம்.

கேபிளை எடுத்துக்கொள்வோம். போக வர ஆறு மீட்டர் நீளம், 35 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கேபிள். 500 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கரைந்துவிடும். 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதியாகும். இது புதுக் கேபிளின் கணக்கு. முனையில் பச்சை பூத்து, இணைப்பு தளர்ந்து, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலே ஐந்து வோல்ட் அங்கேயே போய்விடும். 24 வோல்ட் வண்டியில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒல்லிக் குழாயின் முனையில் எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும் தண்ணீர் வராது; இதுவும் அப்படித்தான்.

எர்த்து இன்னும் மோசம். எஞ்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை உப்பில் அரித்து அறுந்தால், செல்ஃபின் அத்தனை மின்சாரமும் வேறு வழி தேடும். பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிப் புகைந்தது இதனால்தான். காதால் கேட்டே நல்ல எலக்ட்ரீஷியன் பிரித்துச் சொல்லிவிடுவார்: சாவி திருப்பியதும் டகடகவென்று விடாமல் அடித்தால் வோல்ட்டேஜ் போதவில்லை, கனமாக ஒரே ஒரு 'டக்' என்று நின்றால் சோலினாய்டு காண்டாக்டையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். மீட்டர் இருந்தால் இன்னும் உறுதி. உதவியாளரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரி முனைக்கும் செல்ஃப் முனைக்கும் நடுவே பாசிட்டிவ் பக்கம் அளக்க வேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்ஜின் உடம்புக்கும் நடுவே அளக்க வேண்டும். எதிலாவது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி மோட்டார் இல்லை.

தூசியின் கதையும் இங்கே உண்டு. ஈரம் சேர்ந்த நிலக்கரித் தூசி ஓரளவு மின்சாரம் கடத்தும். அது மோட்டாருக்குள் புகுந்தால் கசிவு தொடங்கும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாள்வது நின்றது; நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து மக்களின் மூச்சுக்கு அது நிம்மதி. எண்ணூர்ப் பக்கம் ஓடும் லாரிகளுக்கும் அங்கு வாழ்பவர்களுக்கும் சுமை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. செல்ஃப் எஞ்ஜினின் அடிப்பக்கம் இருப்பதால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் முதலில் நனைவதில் அதுவும் ஒன்று. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃபைக் கழற்றி உலர்த்தி, எஞ்ஜினுக்குள் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்த பிறகே சுற்ற வேண்டும்.

காசிமேட்டில் இதே பாடம் கடலுக்குள் நடக்கிறது. அசோக் லேலண்டின் கடல் எஞ்ஜின்கள் லாரி எஞ்ஜின்களின் வழிவந்தவை, விசைப்படகுகளிலும் செல்ஃப்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் படகுகள் உப்புக் காற்றில் சும்மா நிற்கின்றன. அப்போதே செல்ஃபைக் கழற்றி, கார்பனும் புஷ்ஷும் பார்த்து, முனைகளைச் சுரண்டி கிரீஸ் பூசி வைப்பவர்தான் நடுக்கடலில் நம்பிக்கையோடு எஞ்ஜினை அணைக்க முடியும்.

இனி என்ன செய்ய வேண்டும்?

அன்றைய நாட்கள் திரும்ப வேண்டும் என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. இருபத்தைந்து கிலோ இரும்பை நெஞ்சில் இறக்கிய கிளீனரின் முதுகுவலியும், லாரிக்கு முன்னாலும் பின்னாலும் நின்று தள்ளிய சுமைத் தொழிலாளியின் ஆபத்தும் போனது நல்லது. ஆனால் பிளேடு துடிப்பதைப் பார்த்து ஆர்மேச்சரின் நோயைச் சொன்ன கைகளுக்கு இன்று வேலை குறைந்துவிட்டது. கெட்டுப்போன மோட்டாரைக் கழற்றிப் புதிதை மாட்டுவதோடு பலருடைய தொழில் முடிந்துபோகிறது. அந்தக் கைகளிடம் இருக்கும் காரணம் தேடும் பழக்கம் இன்றுதான் அதிகம் தேவைப்படுகிறது. கோளாறு மோட்டாரை விட்டு நகர்ந்து, பேட்டரி, கேபிள், எர்த்து, ரிலே, ஆல்டர்னேட்டர் என்று வண்டி முழுக்கப் பரவியிருக்கிறது.

இந்தத் தேவை இன்னும் கூடும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். வெயிலில் வரிசையில் வாடிய டிரைவருக்கு அது காலம் தாழ்ந்து கிடைத்த நியாயம். குளிர்ச்சிக்காக எஞ்ஜினை ஓட விடுவதும் டீசலுக்காக அணைப்பதும் என்று ஸ்டார்ட்டுகளின் எண்ணிக்கை மேலும் ஏறத்தான் போகிறது.

ஓனர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. பெரிய செல்ஃபுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், எர்த்துப் பட்டையைப் பார்த்து, மீட்டர் சோதனையும் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் எஞ்ஜின் மெதுவாகச் சுற்றினால், பலம் கூடிய கியர் மோட்டாரைப் போடுங்கள். கூடவே கேபிளையும் பேட்டரியையும் அதற்கேற்ப ஏற்றுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் பெரிதாக்குவது வீண். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் ஸ்பேனரோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு 24 வோல்ட் மின்சுற்றையும் கணினிப் பெட்டியின் மொழியையும் கற்றுத்தர வேண்டும். அந்த வகுப்பில் பாடம் எடுக்கப் பழைய மேஸ்திரிகளையே அழைக்க வேண்டும். வரிசையைக் குறைக்கும் சாலைகளை அரசு விரைவில் முடித்துத் தந்தால், எந்தச் செல்ஃபும் செய்ய முடியாத உதவியை டிரைவர்களுக்குச் செய்ததாகும்.